உடுப்புக்கொடிக்கு அந்தப் பக்கம்

எச்சில் கையால் காகம் துரத்தாதவன் என்று கஞ்சனைச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் றேமண்டைப் போல ஒரு வள்ளல் கொட்டாஞ்சேனையிலேயே இருந்திருக்க மாட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் ஒரு 'கா' கேட்டால் போதும். சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, விரல்களில் பருப்பு ஒட்டியிருக்க, இடது காலை இழுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கையை வீசுவார். சோற்றுப் பருக்கைகள் பறக்கும். காகங்களும் பறக்கும். அடுத்த நிமிடமே அந்தப் பருக்கைகளைப் பொறுக்க அவை இறங்கி வரும்.

"துரத்துறேன்னு சொல்லி விருந்துல்ல வைக்கிறீங்க!" என்று ஜீவராணி சமையலறையிலிருந்து சிரிப்பாள்.

அப்படிப்பட்ட மனிதர் செத்த முப்பத்தோராம் நாள், அவருக்கென்று அவள் காகத்துக்குச் சோறு வைத்தாள்.

முதல் நாள்தான் கோயிலில் முப்பதாம் நாள் பூசை முடிந்திருந்தது. பூசைக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணீரும் பற்றிஸும் கொடுத்து அனுப்பியாயிற்று. ஜீவராணியும் ஞானஸ்நானம் எடுத்தவள்தான். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிராண்ட்பாஸில் தையல் வேலைக்கு வந்து, றேமண்டைக் கட்டியபோது மேரி என்ற பெயரும் சேர்ந்தது. முப்பத்தொரு வருடமாக ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறாள். ஆனாலும் செத்தவருக்கு எப்படிச் சோறு கொடுப்பது என்பதில் அவளுடைய கைக்குத் தெரிந்தது ஒரே வழிதான். விடிய எழும்பி முழுகி, சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும் ஆக்கி, வாழையிலைத் துண்டில் எடுத்துக்கொண்டு போய்ப் பின்மதிலில் வைத்தாள். கா, கா என்று கூப்பிட்டாள்.

ஒன்றும் வரவில்லை. பக்கத்து மாடிவீட்டுக் கம்பியில் நாலு காகங்கள் இருந்து, கழுத்தைச் சரித்துச் சரித்துப் பார்த்தன. அப்புறந்தான் அவளுக்கு உறைத்தது. ஜாம் மரத்தில் குடை தொங்கியது.

அது றேமண்ட் கட்டிய குடை. துறைமுக வேலைக்குக் கொண்டுபோன பழைய கறுப்புக் குடையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, துணியை ஓரத்தில் கிழித்துவிட்டிருந்தார். காற்றில் அது படபடக்கும்போது செத்த காகம் ஒன்று தொங்குவதுபோல இருக்கும். காகங்கள் கிட்ட வரா. ஒரே இடத்தில் தொங்கினால் என்றைக்காவது அவற்றுக்கு விளங்கிவிடும் என்று மூன்று நாளுக்கு ஒருமுறை கிளை மாற்றுவார். "காகத்துக்கு எங்களைவிட மூளை" என்பார், எதிரியை மதிக்கிறவன் குரலில்.

ஜீவராணி முக்காலியைக் கொண்டுவந்து, ஏறி, குடையை அவிழ்த்துக் கதவுக்குப் பின்னால் சாய்த்தாள். ஒரு காகம் இறங்கியது. மதிலில் இரண்டு எட்டு வைத்தது. இடது காலைச் சரியாக ஊன்றாமல் இழுத்து இழுத்து வந்தது. இலைக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சரித்து அவளைப் பார்த்தது.

அவள் இலையை அதன் பக்கம் மெல்ல நகர்த்தி, "சாப்பிடுங்க" என்றாள்.

*

அந்தப் பின்வளவைப் பெரிய தோட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு ஜாம் மரம், மதிலோரம் செவ்வரத்தை, மூலையில் ஒரு தேசிக்காய் மரம். சுற்றிவர மாடிகள் எழும்பிய பிறகு வெயில் பத்து மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போய்விடும். மிச்ச நேரமெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல ஒரு பச்சை நிழல். துறைமுகத்தில் கப்பல் ஊதும்போது இலைகள்கூட ஒருகணம் கேட்பதுபோல நிற்கும்.

நடுவில் உடுப்புக்கொடி. கொடிக்கு இந்தப் பக்கம் ஜீவராணியின் ராச்சியம். விடியற்காலையில் ஈர்க்குமாறால் கூட்டி, மண்ணில் வளைவு வளைவாகக் கோடு விழச் செய்துவிட்டுத்தான் அவளுக்கு அடுத்த வேலை. அந்தப் பக்கம் றேமண்டுடையது. அங்கே ஓர் இலையையும் தொடக்கூடாது. விழுந்தது விழுந்தபடி கிடந்து, நனைந்து, உக்கி, மெத்தை போலாகியிருந்தது.

"குப்பைக்குள்ள பாம்பு வந்து படுக்கும்ங்க."

"படுக்கட்டும். பாவம், அதுக்கும் ஒரு இடம் வேணும்தானே."

அந்தக் குப்பையில்தான் புழுவும் பூச்சியும் இருந்தன. ஆணியில் குத்திய வாழைப்பழத்துக்குக் கொண்டைக்குருவி வரும். ஜாம் பழத்துக்குக் குக்குறுவான் வரும். மண்சட்டித் தண்ணீருக்கு எல்லாம் வரும். சின்னதுகள் நின்று குளிக்கட்டும் என்று சட்டிக்குள் ஒரு தட்டைக் கல் போட்டிருந்தார். டெங்கு பார்க்க வந்த அதிகாரி அம்மாள் சட்டியைக் கண்டு புருவத்தை உயர்த்தி, எப்போது ஊற்றிய தண்ணீர் என்று சிங்களத்தில் கேட்டபோது, "அத உதே, மிஸ். ஹெமதாம மாறு கரனவா" என்று, இன்று காலைதான், தினமும் மாற்றுகிறேன் என்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கை கட்டிச் சொன்னார். உண்மைதான். தன் முகத்தைக் கழுவ முன்னம் அந்தச் சட்டியைத்தான் கழுவுவார்.

ஆனால் குப்பை காத்தது இவர்கள் ஒருவருக்காகவும் இல்லை. அது ஆளுக்காக.

கலியாணம் முடித்து ஐந்தாம் மாதம், ஓர் ஐப்பசி விடியலில், இரவு வேலை முடிந்து றேமண்ட் சாப்பாட்டுப் பையைத் திறக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பைக்குள் ஒரு குருவி. வாலே இல்லை என்று சொல்லலாம், அவ்வளவு குட்டை. பச்சை முதுகு, செட்டையில் ஒரு துண்டு நீலம், கண்ணில் கறுப்புப் பட்டி, வயிற்றின் அடியில் குங்குமம் சிந்தினதுபோலச் சிவப்பு. கிரேன் கூண்டின் மூலையில் சுருண்டு கிடந்ததாம்.

"ராவு ராவாக் கடலுக்கு மேலால பறந்து வந்திருக்கு, ராணி. கிரேனைப் பார்த்து மரமெண்டு நினைச்சிருக்கும். ஆறுமணிக்குருவி எண்டு ஃபோர்மன் சொன்னார்."

ஜாம் கன்றின் அடியில், சருகுக்குள் அதை விட்டார்கள். அன்று பின்னேரம் ஆறு மணிக்கு, கோயிலில் திரிகால மணி அடித்து ஓய்ந்ததும், சருகுக்குள்ளிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. இரண்டே சுரம். முதலாவது கூப்பிட்டது; இரண்டாவது, வருவாயா என்று கேட்டுத் தாழ்ந்தது. சித்திரை வரைக்கும் விடியலிலும் மாலையிலும் அப்படிக் கூப்பிட்டுவிட்டு, ஒருநாள் போய்விட்டது. அடுத்த ஐப்பசியில் தானாகவே வந்தது. அதே குருவியோ, வேறொன்றோ, யாருக்குத் தெரியும்? றேமண்ட் அதை ஆள் என்றார். ஒவ்வொரு வருடமும் ஆள் வந்தார்.

ஆள் வந்ததை முதலில் கேட்பவர் எப்போதும் றேமண்ட்தான். விடியலில் சமையலறை வாசலில் வந்து நின்று, கதவுநிலையில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். "ராணி, ஆள் வந்திட்டார்." அந்த நேரம் அவருடைய முகம், கப்பலில் வந்து இறங்கிய சொந்தக்காரனைக் கண்ட முகம்.

உண்மையில் முதலில் கேட்பவள் ஜீவராணி. ஐந்து மணிக்கு எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பவள் அவள். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். இரண்டாம் வருடமே அவளுக்குத்தான் முதலில் கேட்டது. சொல்ல ஓடினாள். அதற்குள் அவர் எழும்பி வந்து கதவில் தட்டினார். அந்த முகத்தைப் பார்த்து, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "அப்படியா? எனக்குக் கேக்கலையே!" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். சில வருடம் அவருடைய காதுக்கு எட்ட இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். அத்தனை நாளும் நாக்குக்கு அடியில் கற்கண்டு வைத்திருப்பவள்போல அவள் வாயைத் திறக்காமல் திரிவாள்.

ஆடி மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து றேமண்ட் கேட்டதும் இதைத்தான்.

"ஆள் வந்தால் எனக்கு வந்து சொல்லவேணும். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி கொளுத்த வருவாய்தானே, அண்டைக்குச் சொல்லு."

"சும்மா இருங்க. நீங்களே கேப்பீங்க."

"உனக்குத்தானே காது மந்தம். இந்த முறையாவது கூர்மையா வைச்சுக் கேள்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பிறகு சரி, சொல்கிறேன் என்று அவருடைய கையில் அடித்துக் கொடுத்தாள். அந்தக் கை மூன்றாம் நாள் குளிர்ந்தது.

*

ஒரு காகம் நாலாகியது, நாலு பன்னிரண்டாகியது. நொண்டிக் காகம் மட்டும் சமையலறை யன்னலுக்கே வந்து கம்பியில் கொத்தும். அவளும் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள். "இன்னைக்குக் குழம்புல உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சுங்க, பொறுத்துக்குங்க."

"ஆரோட கதைக்கிறீங்கள், அண்ணி?"

றோஸி வந்து நின்றாள். றேமண்டின் தங்கை, எதிர்வீட்டில் தனியாக இருப்பவள். கலியாணம் கட்டாதவள், பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள்.

"சும்மா. காக்காகூட."

"என்ர அண்ணாவோ அது? பூசை வைச்சு, பாதரைக் கூப்பிட்டு மோட்சத்துக்கு அனுப்பின ஆளை இறக்கிக்கொண்டு வந்து மதில்ல இருத்தி வைச்சிருக்கிறீங்கள்? கேட்டுப் பாருங்கோ, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவாரோ எண்டு."

"அந்த இடது காலைப் பாரு, றோஸி."

றோஸி பார்த்தாள். காகம் மதிலில் இழுத்து இழுத்து நடந்தது. கிரேன் ஏணியிலிருந்து விழுந்த பிறகு றேமண்ட் நடந்த அதே நடை. 

"மீன்கடையடியில போய்ப் பாருங்கோ, நொண்டிக் காகம் நூறு நிக்கும்" என்றாள். ஆனால் அந்தக் குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. "உயிரோட இருக்கேக்க காகத்தைக் கண்டால் அவருக்குப் பேய் பிடிக்கும். செத்தாப்பிறகு காகமா வருவாரோ?"

 ஜீவராணிக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. ஆணியில் குத்திய பழத்துக்கு இப்போது கொண்டைக்குருவி வருவதில்லை. குக்குறுவானின் சத்தம் இரண்டு தெரு தள்ளித்தான் கேட்டது. சட்டித் தண்ணீரில் காகங்கள் எங்கிருந்தோ கொண்டுவந்த எலும்பும் பாண் துண்டும் ஊறின. பச்சை நிழல் கறுத்துவிட்டதுபோல இருந்தது. இந்தக் கறுப்புக்குள், கடலைத் தாண்டிக் களைத்து வருகிற ஆள் எப்படி இறங்குவார்? இறங்கினாலும் விடுவார்களா? அவள் அதை நினைப்பாள். நினைத்துக்கொண்டே மறுநாளும் சோறு வைப்பாள். வைக்காவிட்டால் அவர் பசியோடிருப்பார்.

புரட்டாதியில், விறாந்தை லைட் வயரில் தேன்சிட்டு கூடு கட்டியது. பஞ்சும் சிலந்தி நூலும் சேர்த்துத் தைத்த ஒரு சின்னப் பை. வாசலுக்கு மேலே ஒரு குட்டிக் கூரை. றேமண்ட் இருந்தால் பல்பைக் கழற்றியிருப்பார் என்று அவளே கழற்றினாள். மாலையில் விறாந்தை இருட்டில் இருந்து, அந்தப் பைக்குள் இரண்டு குஞ்சுகள் முனகுவதைக் கேட்டுக்கொண்டு செபமாலை உருட்டுவாள். அந்த நாட்களில் அவள் நன்றாக நித்திரை கொண்டாள்.

ஒருநாள் காலை சோற்றை மதிலில் வைத்துவிட்டுத் தானும் ஒரு வாய் சாப்பிட உட்கார்ந்தாள். யன்னலால் பார்த்தபோது இலையில் சோறு அப்படியே கிடந்தது. நொண்டிக் காகத்தைக் காணவில்லை. முன்பக்கம் ஊசி குத்தியதுபோலத் தேன்சிட்டு கத்திக்கொண்டிருந்தது.

அவள் விறாந்தைக்கு ஓடினாள். நொண்டிக் காகம் வயரில் தொங்கிக்கொண்டு, கூட்டை நடுவில் கிழித்து, ஒரு குஞ்சை இழுத்துக்கொண்டிருந்தது. ஜீவராணி கையை வீசினாள். சோற்றுப் பருக்கைகள் பறந்தன. காகம் குஞ்சோடு எழும்பி, கூரையைத் தாண்டிப் போயிற்று.

விரல்களில் பருப்பு ஒட்டியிருக்க, எச்சில் கையைத் தூக்கியபடி அவள் நின்றாள். தன் கை நிற்கும் நிலையைத் தானே பார்த்தாள். யாருடைய கை இது என்று அவளுக்கு விளங்கியது.

றேமண்ட் இதைச் செய்யமாட்டார். எந்த உருவத்தில் வந்தாலும் செய்யமாட்டார்.

அது வெறும் காகம். ஆடியில் ஒருமுறை போனவர், அன்று காலை விறாந்தையில் வைத்து இன்னொருமுறை போனார்.

கதவுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்தாள். முக்காலியை ஜாம் மரத்தடிக்கு இழுத்தாள். அவள் கட்டக் கட்ட, பன்னிரண்டு காகமும் மாடிக் கம்பிகளில் இருந்து வாய்க்கு வந்தபடி திட்டின. முடிச்சைப் போட்டுவிட்டு, முக்காலியில் நின்றபடியே அவற்றைப் பார்த்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுக்குங்க. இனிமே இங்க வராதீங்க." மரியாதையாகத்தான் சொன்னாள். நூற்றுக்கு நூறு நிச்சயம் என்று யாரால் சொல்லமுடியும்?

சத்தம் கேட்டு றோஸி வந்தாள். கிழிந்த கூட்டைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், மதிலில் கிடந்த சோற்றைப் பார்த்தாள். 

"நாளையிலிருந்து இதை எங்க வைக்கிறது, றோஸி?" ஜீவராணி இறங்கி வந்து இலையைக் கையில் எடுத்தாள். "ஒருத்தருக்கு ஆக்க என் கைக்குத் தெரியல."

"எனக்கு வையுங்கோ" என்றாள் றோஸி. "நானும் அவற்ற ரத்தம்தானே. காகத்தைவிடக் கொஞ்சம் கூடச் சாப்பிடுவன், அவ்வளவுதான்."

*

ஐப்பசி வந்தது. ஏழு மணிக்கு றோஸி வந்து சமையலறை வாங்குப் பலகையில் இருப்பாள். சோறும் பருப்பும் போட்டுக் கொடுத்தால், குறை சொல்லிக்கொண்டே வழித்துச் சாப்பிடுவாள். மூன்று நாளுக்கு ஒருமுறை ஜீவராணி குடையைக் கிளை மாற்றினாள். காலையில் முகம் கழுவ முன்னம் சட்டியைக் கழுவினாள். கூட்டும்போது உடுப்புக்கொடிவரை போய், அங்கே ஈர்க்குமாற்றைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். முதலில் கொண்டைக்குருவி இரண்டு வந்தன. பிறகு ஒருநாள் குக்குறுவான் ஜாம் மரத்திலேயே இருந்து குடுகுடுத்தது. பச்சை நிழல் மெல்ல மெல்ல மீண்டது.

ஆள் மட்டும் வரவில்லை. மழை பெய்தது. ஐப்பசி பாதியானது. ஒக்டோபர் முடிந்தது. ஐந்து மணிக்குத் தண்ணீர் கொதிக்கும்போது அடுப்பைக் குறைத்துவிட்டு நிற்பாள். மாலையில் திரிகால மணி ஓய்ந்த பிறகும் நிற்பாள். இலைகளிலிருந்து மழைநீர் சொட்டுவது ஒவ்வொருமுறையும் ஏதோ சொல்ல வாயெடுப்பதுபோல இருக்கும். பிறகு ஒன்றுமிருக்காது.

நவம்பர் முதலாந் தேதி மாலை, பூவும் மெழுகுதிரியும் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, ஜீவராணி றோஸியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கையில் அடித்துக் கொடுத்ததைச் சொன்னாள். தான் முதலில் கேட்ட கதையை மட்டும் சொல்லவில்லை.

"நாளைக்கு வெறுங்கையோட போய் நிக்கணும், றோஸி."

"அது எப்பிடிக் கத்தும்? அண்ணா எத்தனை தரம் சொன்னார், நான் ஒருநாளும் காது குடுக்கேல்லை."

ஜீவராணி உதட்டைக் குவித்து ஊதினாள். காற்றுத்தான் வந்தது. மறுபடி ஊதினாள், இரண்டு சுரம் வந்தது. றோஸி ஊதிப் பார்த்தாள். "கேத்தில் கொதிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள் தானே. அறுபது தாண்டிய இரண்டு பெண்கள் விளக்கடியில் இருந்து மாறி மாறிச் சீழ்க்கை அடித்தார்கள். கடைசியில் றோஸிக்குச் சரியாக வந்துவிட்டது. கேட்டவுடன் இருவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

மறுநாள் ஐந்து மணிக்கு மழை விட்டிருந்தது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. ஜீவராணி அடுப்பைக் குறைத்தாள்.

கேட்டது.

கொடிக்கு அந்தப் பக்கம், சருகுக்குள். ஒரு சுரம் கூப்பிட்டது. இரண்டாவது கேட்டுத் தாழ்ந்தது.

அவள் அசையவில்லை. கதவுநிலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது ஐப்பசியும் பழகிய உடம்பு, தன்பாட்டில் காத்து நின்றது. இன்னும் கொஞ்சத்தில் குறட்டை நிற்கும். கட்டில் கிறீச்சிடும். இழுத்து இழுத்து ஒரு நடை வரும். மறுபடியும் கூப்பிட்டது. தேத்தண்ணிக் கேத்திலின் ஆவி யன்னலில் படிந்து, வெளியே எல்லாம் நீலமாய்க் கரைந்திருந்தது.

முன்கதவு படாரென்று திறந்தது. றோஸி ஓடி வந்தாள். ஹவுஸ்கோட், அவிழ்ந்த கொண்டை, ஒரு காலில் மட்டும் செருப்பு. விடிய விடியக் கண்ணை மூடாமல் கிடந்தவளின் முகம். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம். ஜீவராணிக்கு அது புதிய வெளிச்சமில்லை. தாடையும் மூக்கும்கூட அவருடையவைதான். இத்தனை வருடம் அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அண்ணி! வந்திட்டுது! கேட்டனீங்களோ?"

ஜீவராணி சீனிப் போத்தலைக் கையில் எடுத்தாள்.

"அப்படியா?" என்றாள். "எனக்குக் கேக்கலையே!"

"உங்களுக்கு உண்மையிலயே காது மந்தம்தான். வாங்கோ, கெதியா வாங்கோ!" றோஸி அவளுடைய கையைப் பிடித்து யன்னலுக்கு இழுத்துப் போனாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு சருகு புரண்டது. பக்கத்துச் சருகும் புரண்டது. நீலத் துண்டு ஒன்று ஒருகணம் திறந்து மூடியது. ஆள் இரண்டு எட்டுத் துள்ளி, குட்டை வாலை ஆட்டி, ஒரு புழுவை இழுத்துக்கொண்டு, இருவரையும் திரும்பிப் பார்த்தார். மேலே குடை படபடத்தது. ஒரு காகமும் வரவில்லை.

எட்டு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் சனம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு கல்லிலும் பூ, ஒவ்வொரு கல்லிலும் சுடர். றோஸி மெழுகுதிரி கொளுத்த முன்னமே தொடங்கிவிட்டாள். எத்தனை மணிக்குக் கத்தியது, எத்தனை தரம் கத்தியது, தான் எப்படி ஒரு செருப்போடு ஓடினாள், எல்லாம் உரத்த குரலில். "உங்கட மனுசி தேத்தண்ணி ஊத்திக்கொண்டு சும்மா நிக்கிறா, அண்ணா! நான்தான் முதல்ல கேட்டனான்!" பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜீவராணி காற்றுப் படாமல் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு குனிந்து, ஈரச் சிமெந்தில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஆள் வந்துட்டாருங்க" என்றாள்.